காட்டன் துரையின் கடவுள்

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போன ஆடி மாதம் ஒரு சண்டை. ராஜமுந்திரியில் வேலை பார்க்கும் தம்பி முறைக்காரன் ஒருவன், கோதாவரிப் படித்துறையில் புரோகிதர் சொன்ன சுலோகத்தைக் குரல் பதிவாக அனுப்பியிருந்தான். அந்த ஆற்றில் அணை கட்டிய ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டனைப் பற்றியது அது. நாள்தோறும் கோதாவரியில் நீராடும் புண்ணியத்தை எங்களுக்குத் தந்த, ஆங்கில நாட்டுப் பகீரதனான காட்டனை நினைக்கிறேன் என்பது அதன் பொருள். முதலில் வரிசையாகக் கைகூப்பும் படங்கள் வந்து விழுந்தன. அப்புறம் சித்தப்பா ஆரம்பித்தார்: "பைபிளைத் தூக்கிக்கிட்டு வந்தவன்டா அவன். அவனுக்குச் சுலோகமா?" கிறிஸ்தவக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட அத்தை மகள் விடவில்லை: "அந்த பைபிள் இருந்ததாலதான் மாமா அணையே வந்தது." கடைசியாக, பொதுப்பணித்துறையில் உதவிப் பொறியாளராக இருக்கும் அண்ணன், "கிழக்கிந்தியக் கம்பெனிக்கு நிலவரி வேணும், அதுக்காகக் கட்டினான். இதுல சாமி எங்க வந்தது?" என்று எழுதிவிட்டு நகர்ந்துகொண்டார்.

மூன்று பேர் சொன்னதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் மூன்றையும் கூட்டினாலும் அந்த மனிதர் வரவில்லை. எனக்கு உறுத்தியது இதுதான். நான் அணைக்கரைக்குப் பக்கத்து ஊர்க்காரன். பெரியப்பா அங்கே கொள்ளிடத்துக் கீழணையில் லஸ்கராக, அதாவது மதகைத் திறந்து மூடும் ஊழியராக, இருந்தவர். ஷட்டரை எத்தனை சுற்றுச் சுற்றினால் வடவாற்றில் எவ்வளவு தண்ணீர் போகும் என்பது அவருக்குக் கைக்கணக்கு. "தொரை கட்டினது" என்று அவர் சொல்வாரே தவிர, எந்தத் துரை, எதற்காகக் கட்டினார் என்று யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. தேனிப் பக்கம் பிள்ளைகளுக்குப் பென்னிகுயிக் என்று பெயர் வைக்கிறார்கள், பொங்கல் வைத்துக் கும்பிடுகிறார்கள். கோதாவரி அணை இருக்கும் தவளேஸ்வரத்தில் காட்டனுக்கு அருங்காட்சியகமே இருக்கிறது, கோதாவரி மாவட்டங்களில் குதிரைமேல் உட்கார்ந்திருக்கும் காட்டன் சிலைகளுக்குக் கணக்கில்லை. அதே மனிதர் தொழில் கற்ற காவிரிப் படுகையில் நாம் அவரை அந்த அளவுக்கு நினைப்பதில்லை. சென்னைக்குக் குழாய் வழியாகப் போகும் வீராணம் தண்ணீர்கூட அவர் கட்டிய கீழணையைத் தொட்டுவிட்டுத்தான் போகிறது.

ஆர்தர் காட்டன் 1803இல் பிறந்தவர். ஒரு தகப்பனுக்குப் பதினோரு பிள்ளைகள், இவர் பத்தாவது. அண்ணன் தம்பிகளில் ஒருவர் ஜெனரல், ஒருவர் கடற்படை அட்மிரல், ஒருவர் ஆக்ஸ்ஃபோர்டில் கல்லூரித் தலைவர். தம்பி ஃபிரெடெரிக் இவரைப் போலவே பாசனப் பொறியாளர். சொத்து பிரிந்து கைக்கு வருவதற்கு வாய்ப்பில்லாத பெரிய குடும்பத்துப் பையன்கள் அந்தக் காலத்தில் போன வழியில்தான் இவரும் போனார். கம்பெனியின் அடிஸ்கோம்ப் ராணுவப் பள்ளி, 16 வயதில் சென்னைப் பொறியாளர் படையில் பதவி, 1821இல் சென்னை. மறு ஆண்டு பாம்பன் நீரிணையை அளக்கும் வேலை. நடுவில் பர்மாப் போர். அதிலிருந்து திரும்பிய பிறகு, இருபதுகளின் நடுவில், அவர் தீவிர நற்செய்திக் கிறிஸ்தவராக மாறினார். பிறப்பால் வந்த கிறிஸ்தவம் வேறு, ஒரு வயதில் தானாக ஏற்று அதற்குக் கட்டுப்படுவது வேறு. இவருடையது இரண்டாவது வகை.

அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் போனது என்பதற்கு ஒரு பயணம் சாட்சி. 1830களின் தொடக்கத்தில் விடுப்பில் இங்கிலாந்து போயிருந்தவர், திரும்பும்போது எகிப்து, சிரியா வழியாகத் தரைமார்க்கமாக வந்தார். பாக்தாதில் அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் என்ற மிஷனரி இருந்தார். நல்ல வருமானம் தந்த பல் மருத்துவத் தொழிலை விட்டுவிட்டு, எந்தச் சங்கத்தின் சம்பளமும் இல்லாமல் ஊழியத்துக்கு வந்தவர். பாக்தாதின் கொள்ளைநோயில் மனைவியைப் பறிகொடுத்திருந்தார். 1833இல் காட்டனும் அவரும் சேர்ந்துதான் இந்தியாவுக்கு வந்தார்கள். குரோவ்ஸின் சீடரான அருளப்பன் பிறகு ஶ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் கிறிஸ்தியான்பேட்டையை நிறுவியது தென்தமிழ்நாட்டுத் திருச்சபை வரலாறு தெரிந்தவர்களுக்குத் தெரிந்ததே. அதனால் "பைபிளைத் தூக்கிக்கொண்டு வந்தவன்" என்று சித்தப்பா சொன்னதை நான் மறுக்க மாட்டேன். அவர் அந்த பைபிளை மறைக்கவும் இல்லை.

மணலில் ஊன்றிய கல்

ஆனால் அவருடைய நம்பிக்கையை நான் கண்டது இந்தப் பயணத்தில் இல்லை, காவிரியில். அதற்கு முன்னால் அன்றைய காவிரியின் நிலைமையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிகிறது. வடக்கே போகும் கொள்ளிடத்துக்குக் கடலுக்குப் போகும் தூரம் குறைவு, சரிவு அதிகம். தெற்கே போகும் காவிரி சுற்றிச் சுற்றிக் கிளை பிரிந்து போகிறது. வெள்ளம் எப்போதும் சுலபமான வழியைத்தான் தேடும். ஆண்டுக்கு ஆண்டு கொள்ளிடம் ஆழமாகிக்கொண்டே போனது, காவிரி மணல் மேடாகிக்கொண்டே வந்தது. 1830 வாக்கில் தஞ்சாவூர்ப் பாசனமே கையை விட்டுப் போகும் நிலை. கம்பெனி அதிகாரிகள் ஆண்டுதோறும் மணலை வாரினார்கள், கரையைப் பூசினார்கள். தண்ணீரைத் தடுத்து மட்டத்தை உயர்த்தினால் ஒழிய விமோசனமில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அடியில் பாறையே கிடையாது. எத்தனை ஆள் ஆழம் தோண்டினாலும் மணல். மணலில் கல்லால் கட்டிய அணை எப்படி நிற்கும்? இங்கிலாந்தில் படித்த பொறியியலில் இதற்கு விடை இல்லை.

விடை சற்றுக் கிழக்கே தள்ளி நூற்றாண்டுகளாக நின்றுகொண்டிருந்தது. கல்லணையை எப்படிக் கட்டினார்கள் என்று காட்டன் உட்கார்ந்து பார்த்தார். பெரிய கற்களை ஆற்று மணலில் போட்டிருக்கிறார்கள். கீழே மணல் அரித்து ஓட, கல் இறங்கியிருக்கிறது. அதன்மேல் இன்னொன்று. இனி இறங்காது என்ற நிலை வரும்வரை போட்டு, அதன்மேல் களிமண் வைத்துக் கல்லடுக்கி எழுப்பியிருக்கிறார்கள். பாறையைத் தேடிப் போகவில்லை, கல்லே தன் இடத்தைத் தேடிக்கொள்ள விட்டிருக்கிறார்கள். காட்டன் இதை அப்படியே கற்றுக்கொண்டார். 1836இல் முக்கொம்பில் மேலணையும், கொள்ளிடம் இன்னும் கீழே போகும் இடத்தில் கீழணையும் எழுந்தன. மேலணை கொள்ளிடத்துக்குப் போகும் தண்ணீரை மறித்துக் காவிரிக்குத் திருப்பியது. அதையும் மீறிக் கொள்ளிடத்தில் போனதைக் கீழணை பிடித்தது.

எனக்கு எல்லாம் திரும்பிய இடம், அவர் இந்தியப் பொதுப்பணிகள் பற்றி வெளியிட்ட புத்தகம். அதைப் பல நாள் தள்ளிப்போட்டுத்தான் படித்தேன். ஒரு பக்திமானின் புத்தகம் எப்படி இருக்கும் என்று மனத்தில் ஒரு படம் இருந்தது. சத்தியத்தின் ஒளி, இருளில் கிடக்கும் மக்கள் என்ற பாட்டைத்தான் எதிர்பார்த்தேன். அதில் ஓரிடத்தில் அவர் எழுதுகிறார்: தான் இந்தியாவுக்கு வந்த புதிதில் இந்த மக்கள் ஆங்கிலேயரைப் பற்றிப் பேசிய இளக்காரம் நியாயமானது என்று. நாகரிகம் கற்ற ஒரு வகைக் காட்டுமிராண்டிகள் இவர்கள், சண்டை போடுவதில் கெட்டிக்காரர்கள், ஆனால் நம் பழைய பெரியவர்கள் கட்டி வைத்ததைப் பழுது பார்க்கக்கூடத் துப்பில்லை என்று மக்கள் சொல்வார்களாம். இதைக் கேட்டு ஓர் ஆங்கிலேய அதிகாரிக்குக் கோபம் வருவதுதான் இயற்கை. இவர் அதை எழுதி, அச்சடித்து, லண்டனில் இருக்கும் முதலாளிகள் படிக்கும்படி வைக்கிறார். "நியாயமானது" என்று ஒரு சொல்லையும் சேர்க்கிறார்.

இன்னோரிடத்தில் அவர் ஒப்புக்கொண்டது இதைவிடப் பெரிது. ஆழம் காணாத மணலில் அடித்தளம் போடுவதை இந்த நாட்டுக்காரர்களிடம்தான் கற்றோம், சென்னை மாகாணத்து ஆற்றுப் பாசன வேலைகள் உலகத்திலேயே பெரிய லாபம் ஈட்டியதற்கு அந்தப் பாடம் ஒன்றே காரணம், அந்தப் பழைய பொறியாளர்களுக்கு நாம் பெரிதும் கடன்பட்டிருக்கிறோம் என்கிறார். அவர் காலத்துக் கம்பெனிப் பொறியாளர்கள் எத்தனை பேர் இப்படி எழுதியிருப்பார்கள்? பாவ அறிக்கை என்பது கிறிஸ்தவ வழிபாட்டில் வாரம்தோறும் வருவது. பெரும்பாலானவர்கள் அதைத் தனி வாழ்க்கையின் பாவங்களோடு நிறுத்திக்கொள்வார்கள். அரசாங்கத்தின் சார்பில், தன் தொழிலின் சார்பில் ஒருவர் பாவ அறிக்கை செய்தால் எப்படி இருக்கும் என்பதை நான் அந்தப் பக்கங்களில்தான் பார்த்தேன். இந்தியாவை ஆளும் பொறுப்பைக் கடவுள் இங்கிலாந்திடம் ஒப்படைத்திருக்கிறார் என்பது அன்றைய நற்செய்திக் கிறிஸ்தவர் பலரின் எண்ணம். காட்டனும் அதில் சேர்ந்தவர்தான். நமக்கு அது எரிச்சலூட்டும், ஊட்டவும் வேண்டும். ஆனால் ஒப்படைக்கப்பட்டது என்று மெய்யாகவே நம்பியவர், கணக்குக் கேட்பார்கள் என்றும் நம்பினார். மற்றவர்கள் முதல் பாதியோடு நின்றுவிட்டார்கள்.

மேலணையின் கதை முழு வெற்றி என்று நினைக்க வேண்டாம். அணை வந்ததும் நிலைமை தலைகீழானது. காவிரிக்குத் தேவைக்கு மேல் தண்ணீர் பாய்ந்து, தலைப்பிலேயே ஆறு அகலமாகி, படுகை அரிக்கத் தொடங்கியது. 1843-45இல் காவிரியின் குறுக்கேயும் ஒரு தடுப்புக் கட்ட வேண்டியதாயிற்று. ஆற்று வேலையில் ஒன்றைத் திருத்தினால் இன்னொன்று கோணும். இதைப் பெரியப்பாவிடம் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்.

வீடு

1838 வாக்கில் உடம்பு கெட்டுப் போய், தேறுவதற்காக டாஸ்மேனியா போனார் காட்டன். அங்கே 1841இல், 38 வயதில், எலிசபெத் லியர்மன்த் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்தார். மறு ஆண்டு அங்கேயே மூத்த மகள் பிறந்தாள், அவளுக்கும் அம்மாவின் பெயர்தான். 1843இல் குடும்பத்தோடு திரும்பி விசாகப்பட்டினம், அங்கிருந்து கோதாவரி. அந்த மகள்தான் பின்னாளில் ஓர் அட்மிரலை மணந்து லேடி ஹோப் ஆனவர். அப்பாவின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவரும் அவரே.

காட்டன் வீட்டில் எப்படிப்பட்டவர் என்று நாம் அறிவது பெரும்பாலும் இந்த மகள் வழியாகத்தான். மென்மையான அப்பா, ஜெபத்தில் ஊன்றிய மனிதர், கோபமே வராதவர் என்று ஒரு படம். கட்டுரையை இந்த இடத்தில் முடித்திருந்தால் ஞாயிறு பள்ளிப் பாடம் ஒன்று கிடைத்திருக்கும். சிக்கல் என்னவென்றால், லேடி ஹோப் வேறொரு கதைக்காகவும் பேர் போனவர். சார்லஸ் டார்வின் கடைசிக் காலத்தில் பைபிள் படித்துக்கொண்டிருந்தார், தன் கொள்கையை எண்ணி வருந்தினார் என்ற கதையை இன்றும் கைப்பேசியில் அனுப்பிக்கொண்டிருக்கிறார்களே, அது 1915இல் ஓர் அமெரிக்கக் கிறிஸ்தவப் பத்திரிகையில் லேடி ஹோப் சொன்னதாக வந்தது. கடைசி நேரத்தில் அப்பாவின் பக்கத்தில் இருந்தது நான், அந்த அம்மாள் எந்த நோயின்போதும் அங்கே வந்ததே இல்லை என்று டார்வினின் மகள் ஹென்ரியெட்டா அச்சிலேயே மறுத்தார்.

ஆக, ஒரு மகள் தன் அப்பாவைப் பற்றிச் சொல்வதை இன்னொரு மகளின் மறுப்பை வைத்துக்கொண்டு படிக்க வேண்டியிருக்கிறது. லேடி ஹோப்பை முழுப் பொய்யர் என்று நான் சொல்ல மாட்டேன். டோர்க்கிங் ஊரில் குடிப்பழக்கத்துக்கு எதிராகக் காப்பிக்கடை திறந்து நடத்தியவர் அவர். தொழிலாளர்களை உட்கார வைத்துப் பேசியவர். நல்லவர்களைப் பற்றிப் பேசும்போது கொஞ்சம் கூட்டிச் சொல்லிவிடுவது சாட்சி சொல்லும் மரபில் வளர்ந்தவர்களிடம் உண்டு. எல்லா மதத்திலும் உண்டு. எங்கள் வீட்டிலேயே, செத்துப்போன தாத்தாவுக்குக் கோபம் வந்ததே இல்லை என்று பாட்டி சொல்வார். தாத்தாவிடம் அடி வாங்கிய அப்பா எழுந்து கொல்லைக்குப் போய்விடுவார். அதனால் மென்மை, சாந்தம் என்று மகள் எழுதுவதை நான் பாதி விலைக்குத்தான் எடுத்துக்கொள்கிறேன். பொதுப்பணிகள் பற்றிய அந்தப் புத்தகத்தை எழுதியவர் சாந்தமானவரில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு எழுதியவர். மகள் அழகுபடுத்திய அப்பாவைவிட அந்த மனிதரை எனக்குப் பிடித்திருக்கிறது.

மகள் கூட்டிச் சொல்ல முடியாத ஒன்று மட்டும் இருக்கிறது. கோதாவரிக் கரையில் அணை எழுந்த காலத்தில் குடும்பத்தைத் தன்னோடு வைத்துக்கொண்டார் காட்டன். அன்று பல அதிகாரிகள் குடும்பத்தைச் சென்னையிலோ மலையிலோ வைத்துவிட்டுத் தனியாக வேலைக்களத்தில் இருப்பார்கள். கைக்குழந்தையோடு காய்ச்சல் ஊரில் வாழ்வது அந்தப் பெண்ணுக்கு எப்படி இருந்திருக்கும்? அந்த எலிசபெத் எழுதிய புத்தகம் எதுவும் நமக்கு இல்லை. நல்ல குடும்பத் தலைவர் என்று ஆண்களுக்குப் பட்டம் கொடுக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்வி வரும்.

கோதாவரி

கோதாவரிப் படுகையின் கதை கணக்கிலேயே இருக்கிறது. ராஜமுந்திரி மாவட்டத்தின் மக்கள்தொகை 1821இல் சுமார் 7.38 லட்சம். 1841இல் 5.61 லட்சம். இருபது ஆண்டில் கால்வாசி மக்களைக் காணோம். நடுவில் 1832-33இன் பெரும் பஞ்சம், புயல், வெள்ளம், அதற்கடுத்து மறுபடி வறட்சி. நாட்டின் மிகப் பெரிய ஆறுகளில் ஒன்று கண்முன்னே கடலுக்குப் போய்க்கொண்டிருக்கிறது, அதன் கரையில் மக்கள் பட்டினியால் சாகிறார்கள், ஊரை விட்டு ஓடுகிறார்கள். காவிரியைப் பார்த்துவிட்டு வந்த மனிதருக்கு இது பொறுத்துக்கொள்ளக்கூடிய காட்சியாக இருந்திருக்காது.

1844-45இல் அறிக்கை எழுதினார். அதில் மக்களின் கண்ணீரைப் பற்றி எழுதியதைவிட வருமானத்தைப் பற்றி எழுதியதே அதிகம். இவ்வளவு போட்டால் இவ்வளவு வரும், தஞ்சாவூரில் அணை கட்டிய பிறகு வரி இப்படி உயர்ந்தது, இங்கேயும் உயரும். அண்ணன் சொன்ன நிலவரிக் கணக்கு இங்கேதான் வருகிறது. அது உண்மைதான். கம்பெனி இயக்குநர்களுக்குப் புரிந்த ஒரே மொழி அது. இரக்கத்தைக் காட்டிப் பணம் வாங்க முடியாது என்று தெரிந்த மனிதர், லாபத்தைக் காட்டி வாங்கினார். இதில் எங்கே பக்தி முடிந்து எங்கே தந்திரம் தொடங்குகிறது என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. ஒருவேளை அவருக்கும் தெரிந்திருக்காது. லாபம் தரும் தர்மம் என்பதில் அவருக்கு முரண்பாடே தோன்றவில்லை. கடவுள் படைத்த ஆறு மனிதனுக்குப் பயன்படும்படிதான் படைக்கப்பட்டிருக்கும், அதைப் பயன்படுத்தினால் செல்வம் பெருகாமல் எப்படி இருக்கும் என்பது அவர் நினைத்த விதம்.

1847இல் தவளேஸ்வரத்தில் வேலை தொடங்கி 1852இல் முடிந்தது. இடையிலே தீவுகள், அவற்றைச் சேர்த்து ஆற்றின் அகலம் நாலு மைல். அணைக்கட்டு மட்டும் சுமார் மூன்றரைக் கிலோமீட்டர் நீளம். கொள்ளிடத்து முறைதான். மணல், கல், சுண்ணாம்பு. நடுவில் காட்டனுக்கு உடம்பு முடியாமல் போக, கேப்டன் ஓர் (Orr) என்பவர் கொஞ்ச காலம் பார்த்துக்கொண்டார். அந்த ஓர்தான் அடுத்துக் கிருஷ்ணா நதிக்கு விஜயவாடாவில் அணை கட்டப் போனவர். கோதாவரியின் ஒரு கிளையைத் தாண்டிக் கோனசீமைக்குக் கால்வாயைக் கொண்டுபோன கன்னவரம் நீர்ப்பாலத்தைக் கட்டியவர் ஹேய்க் என்ற இளம் அதிகாரி. இவர்களுக்கெல்லாம் பக்கத்தில் வீணம் வீரண்ணா என்ற தெலுங்குக்காரர் இருந்தார். ஆள் திரட்டுவது, கல் சேர்ப்பது, வேலை வாங்குவது எல்லாம் அவர் கையில். அவர் இல்லாமல் நடந்திருக்காது என்பதைக் காட்டனே மதித்துச் சொன்னார் என்று கோதாவரிக்காரர்கள் சொல்வார்கள். சுலோகத்தில் வீரண்ணாவுக்கு இடமில்லை. நம் கொள்ளிடத்தில் கல் சுமந்தவர்களில் ஒரு பெயர்கூட நம்மிடம் இல்லை.

இன்று அந்தப் பழைய அணைக்கட்டு இருந்த இடத்தில் 1970களில் தொடங்கிக் கட்டிய புதிய தடுப்பணை நிற்கிறது. காட்டன் பெயர்தான் அதற்கும். சுமார் பத்து லட்சம் ஏக்கர் அதை நம்பி இருக்கிறது. சரி, சுலோகத்துக்கு வருகிறேன். விக்கிரக வழிபாட்டை ஏற்காத ஒரு நற்செய்திக் கிறிஸ்தவரிடம், உங்களை ஆற்றில் நின்று பகீரதன் என்று துதிக்கிறார்கள் என்று சொல்லியிருந்தால் முகம் சுருங்கியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். அவர் விரும்பியது இதையல்ல. இந்த மக்கள் கிறிஸ்துவை அறிய வேண்டும் என்பதே அவர் ஆசை. மக்களோ அவர் கொடுத்ததை எடுத்துக்கொண்டு, தங்களுக்குத் தெரிந்த முறையில் நன்றி சொல்லி, அவரையே தங்கள் புராணத்துக்குள் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். சித்தப்பா பயப்பட வேண்டிய அவசியமே இல்லை. யார் யாரை மாற்றினார்கள் என்று பார்த்தால் கோதாவரிப் புரோகிதர்தான் ஜெயித்திருக்கிறார்.

கரிசல்

அத்தை மகள் சொன்னது எனக்குப் பிடித்த வாதம்தான். ஆனால் அவளிடம் கேட்கத் தோன்றும் ஒரு கேள்வி உண்டு. அந்த நம்பிக்கைதான் அணையைக் கட்டியது என்றால், கர்நூல் கால்வாயைக் கட்டியது யார்?

1860இல் இங்கிலாந்து திரும்பிய காட்டனுக்கு மறு ஆண்டு சர் பட்டம். அதற்குள் அவர் மனத்தில் இந்தியா முழுவதும் கால்வாய்கள் ஓடத் தொடங்கிவிட்டன. ஆறுகளை இணைத்து, பாசனமும் படகுப் போக்குவரத்தும் சேர்த்து நடக்க வேண்டும். ரயிலுக்குப் பணம் போடுவது வீண். நதி இணைப்புப் பேச்சு வரும்போதெல்லாம் இன்றும் அவர் பெயர் வருவது இதனால்தான். அவர் யோசனையில் இரண்டு தனியார் கம்பெனிகள் இறங்கின. ஒன்று ஒரிசாவில். இன்னொன்று துங்கபத்ராவில் சுங்கேசுலா என்ற இடத்தில் தொடங்கிக் கர்நூல் வழியாகக் கடப்பைக்கு. கால்வாய் முந்நூறு கிலோமீட்டருக்கு வெட்டப்பட்டது. தண்ணீரும் வந்தது. விவசாயி வாங்கவில்லை. அங்கே பெரும்பகுதி கரிசல். ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் மண், சோளமும் பருத்தியும் மழையிலேயே விளையும். அதில் நெல் வயல் போலத் தண்ணீர் கட்டினால் பயிர் கெடும் என்று அந்த ஊர்க் குடியானவனுக்குத் தெரியும். காசு கொடுத்துத் தண்ணீர் வாங்க அவனுக்கு என்ன பைத்தியமா? ஒரிசாவிலும் மழை நன்றாக இருந்த ஆண்டுகளில் யாரும் தண்ணீருக்குப் பணம் கட்ட வரவில்லை. ஒரிசாக் கம்பெனியை 1860களின் கடைசியிலும், கர்நூல் கால்வாயை 1882இலும் அரசாங்கமே விலைக்கு வாங்க வேண்டியதாயிற்று.

இந்த இடத்தைத்தான் நான் விடாமல் சுற்றிச் சுற்றி வருகிறேன். கல்லணையில் உட்கார்ந்து ஊர்க்காரன் கட்டியதைப் பாடமாகப் படித்தவர் இவர். முப்பது ஆண்டு கழித்து, கர்நூல் குடியானவனிடம் உனக்குத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்க இவருக்கோ இவரை நம்பியவர்களுக்கோ தோன்றவில்லை. காரணம் கர்வம் என்று சொன்னால் சுலபமாக இருக்கும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவருடைய நம்பிக்கை அதற்குள் வளர்ந்து இறுகிவிட்டது. தண்ணீர் நல்லது என்பது அவருக்கு வேதவாக்கு. காவிரியும் கோதாவரியும் அதை இரண்டு முறை மெய்ப்பித்துவிட்டன. இளம் வயதில் கேள்வி கேட்கத் தூண்டிய அதே நம்பிக்கை, வயதான பிறகு பதிலாகவே உட்கார்ந்துவிட்டது. கங்கைக் கால்வாயைக் கட்டிய ப்ரோபி காட்லியோடு அவர் அச்சிலேயே மல்லுக்கட்டியதும் இதே காலத்தில்தான். வாதத்தில் சில இடங்களில் காட்டன் பக்கம் நியாயம் இருந்தது. ஆனால் விட்டுக்கொடுக்கும் பேச்சு ஒரு வரிகூட இல்லை.

1876-78இன் தாது வருடப் பஞ்சம் சென்னை மாகாணத்தை விழுங்கியபோது அவர் மறுபடி குரல் எழுப்பினார். ரயில் இருந்தும் மக்கள் செத்தார்களே, அதைப் போட்ட பணத்துக்கு வாய்க்கால் வெட்டியிருந்தால் என்ன என்று கேட்டார். ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் அவர் பக்கம் நின்றார். 1878இல் நாடாளுமன்றக் குழு ஒன்று இந்தியப் பொதுப்பணிகளைப் பற்றி விசாரித்தது. 75 வயதுக் கிழவரை உட்கார வைத்துக் கர்நூல் கணக்கையும் ஒரிசாக் கணக்கையும் காட்டிக் குடைந்தார்கள். அவர் சொன்ன எண்களில் பல மிகையானவை என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் அந்தக் குழுவில் உட்கார்ந்திருந்தவர்கள் முன்னால், சில மாதங்களுக்கு முன்பு வரை மக்கள் செத்துக்கொண்டிருந்தார்கள் என்ற கோபத்தோடு பேசியவர் அவர்தான். கணக்கில் தோற்றதால் அந்தக் கேள்வியும் தோற்றதாகிவிடாது.

அதன் பிறகு டோர்க்கிங்கில் ஓய்வு. ஓய்வு என்று சொல்ல முடியாது. வீட்டுத் தோட்டத்தில் மண்ணை ஆழமாகக் கிளறிக் கோதுமை விதைத்து, ஒரு செடியில் எத்தனை கதிர் வருகிறது என்று எண்ணிக்கொண்டிருந்தார். பஞ்சத்தை விரட்ட இதுவும் ஒரு வழி என்று கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். 1899 ஜூலை 24இல், 96 வயதில் இறந்தார்.

2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையில் ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் போனபோது, 182 ஆண்டு நின்றது இப்போது ஏன் விழுந்தது என்று அண்ணனிடம் கேட்டேன். மணல் அள்ளியதுதான் காரணம் என்று விவசாயிகள் சொன்னார்கள். அண்ணன் அரசாங்க ஊழியர், பதில் சொல்லவில்லை. கல் தன் இடத்தைத் தேடிக்கொள்ள மணல் வேண்டும், மணலையே எடுத்துவிட்டால் கல் எங்கே போகும் என்று மட்டும் சொன்னார். மதத்துக்கும் அணைக்கும் சம்பந்தமில்லை என்று குழுவில் எழுதிய அதே மனிதர்தான். அந்தப் பதிலில் இருந்த கோபம் எனக்குக் காட்டனின் அந்தப் பொதுப்பணிப் புத்தகத்தை நினைவுபடுத்தியது. அண்ணன் கோயிலுக்குப் போவது குறைவு. பிறர் கட்டிக் கொடுத்ததைப் பழுது பார்க்கக்கூடத் துப்பில்லையே என்ற கூச்சத்துக்கு எந்த மதமும் தேவையில்லை போலும். ஆனால் காட்டனுக்கு அது அவருடைய மதத்திலிருந்துதான் வந்தது. இரண்டையும் ஒருங்கே ஏற்றுக்கொள்வதில் எனக்குச் சங்கடம் ஏதுமில்லை, குழுவில் அதை எழுதத்தான் இன்னும் துணிச்சல் வரவில்லை.

மகள் எழுதிய வாழ்க்கை வரலாறு அவர் இறந்த மறு ஆண்டு, 1900இல், வெளிவந்தது. அதன் அமைப்பே விசித்திரமானது. அப்பாவின் ஜெபமும் குணமும் மகளின் நடையில். அதோடு சேர்த்து, பஞ்சத் தடுப்பு பற்றிய புள்ளிவிவரமும் வாதமும் நிறைந்த பகுதிகள் வில்லியம் டிக்பியின் கையால். டிக்பி சென்னையில் பத்திரிகை நடத்தியவர், தாது வருடப் பஞ்ச நிவாரணத்தில் நேரே இறங்கி வேலை செய்தவர், பிறகு வெள்ளையர் ஆட்சி இந்தியாவை வறுமையாக்குகிறது என்று எண்களோடு எழுதியவர். ஒரு பக்திமானின் நினைவு நூலுக்குள் இப்படிப்பட்டவரை அழைத்து உட்கார வைக்கலாம் என்று லேடி ஹோப்புக்குத் தோன்றியிருக்கிறது. டார்வின் கதைக்காக அவரை எவ்வளவு திட்டினாலும், இதற்காக நான் அவரை மதிக்கிறேன். அந்தப் புத்தகம் அச்சுக்குப் போன சமயத்தில் குஜராத்திலும் ராஜபுதனத்திலும் மத்திய மாகாணங்களிலும் மறுபடி பஞ்சம் நடந்துகொண்டிருந்தது.